ஒரே நாணயம் நல்லதுதான். மதகுச் சாவி யார் கையில் இருக்கு?

பொங்கலுக்கு அக்கா பையன் வந்திருந்தான். சென்னையில் ஐ.டி. வேலை. மாட்டுப்பொங்கல் அன்னைக்குச் சாயங்காலம் களத்துமேட்டுப் பக்கம் ரெண்டு பேரும் நடந்து போனோம். ரெண்டாவது எடுப்புப் பருத்தி கொட்டகையில அம்பாரமா கெடக்கு. விலை சரியில்லைன்னு கொடுக்காம வச்சிருந்தேன்.

"ஏன் மாமா, இன்னும் போடலையா?"

"நியூயார்க்குல எறங்கிருச்சாம். அப்படித்தான் வியாபாரி சொல்றார்."

அவன் சிரிச்சான். "இதுக்குத்தான் மாமா நான் சொல்றது. டாலரைக் கட்டிக்கிட்டு அழுறதால வர்ற வினை இது. ஐரோப்பாவைப் பாருங்க, எத்தனை நாடு, ஒரே யூரோ. நாமளும் பக்கத்து நாடுகளோட சேர்ந்து ஒரே நாணயம் வச்சுக்கிட்டா, ரூபாய் விழுந்துச்சு, டாலர் ஏறிச்சுங்கிற பேச்சே இருக்காது."

நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். "உங்களுக்கு அதெல்லாம் புரியாது மாமா"ன்னு சொல்லிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டான்.

நல்ல பையன், குத்தணும்னு சொல்லலை. ஆனா அந்த வார்த்தை குத்திருச்சு. முப்பது வருஷமா பருத்தி போடுறேன். நியூயார்க்கில் விலை இறங்கினா என் களத்துமேட்டில் விலை இறங்கும்னு எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரலை. தராசு சொல்லித் தந்துச்சு. அவனை மாதிரியே நினைக்கிற நகரத்து நண்பர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கிறீங்க. அதனால அன்னைக்குச் சொல்ல முடியாம போனதை இங்கே எழுதுறேன்.

முதல்ல என் கணக்கு. உலகச் சந்தையில ஒரு கிலோ பஞ்சு ஒன்றரை டாலர்னு வச்சுக்கங்க. டாலர் 80 ரூபாயா இருந்தா அந்தப் பஞ்சு 120 ரூபாய். டாலர் 60 ரூபாயா இருந்தா அதே பஞ்சு 90 ரூபாய். மழை ஒண்ணுதான், விதை ஒண்ணுதான், காய்ப்புழு தின்னது போக மிச்சமும் ஒண்ணுதான். கிலோவுக்கு முப்பது ரூபாய் வித்தியாசம் என் காட்டில் உண்டாகலை, நாணயத்தில் உண்டாச்சு.

அப்போ ரூபாய் விழுந்தா எனக்குக் கொண்டாட்டமான்னு கேட்பீங்க. அதுவும் இல்லை. பொட்டாஷ் நம்ம நாட்டில் தோண்டி எடுக்கிறது இல்லை, வெளியிலிருந்துதான் வருது. டிஏபி பாதி அப்படி, பாதி இங்கே தயாரானாலும் அதுக்கான மூலப்பொருள் வெளியிலிருந்து. டிராக்டருக்கு ஊத்துற டீசலும் அப்படியே. ரூபாய் விழுந்தா இது எல்லாம் ஏறும். ஆக, நாணய மதிப்புங்கிறது எனக்கு ஏரித் தண்ணி மாதிரி. கூடினாலும் கெடுதல், குறைஞ்சாலும் கெடுதல். எப்போ எவ்வளவு திறக்கிறதுங்கிறதுதான் விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், திறக்கிற சாவி யார் கையில் இருக்குங்கிறது.

எங்க ஊரு ஏரிப் பாசனத்தைத் தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். மேல்மடைக்காரர் நெல்லு அறுப்புக்குத் தயாரா நிக்கும். அவருக்குத் தண்ணி வேண்டாம், வயல் காயணும். கீழ்மடைக்காரர் பிந்தி நட்டவர். அவருக்குக் கதிர் பிடிக்கிற நேரம், ஒரு தண்ணி இல்லைன்னா பதராப் போயிடும். மதகு ஒண்ணுதான். திறந்தா மேல்மடைக்காரர் கெட்டார், மூடினா கீழ்மடைக்காரர் கெட்டார். அதனாலதான் முன்னோர்கள் முறைன்னு ஒண்ணு வச்சாங்க, நீர்க்கட்டின்னு ஒருத்தரை வச்சாங்க, கெட்டுப் போனவனுக்கு ஊர்ப்பொதுவிலிருந்து ஏதாவது செய்யணும்னு வழக்கமும் வச்சாங்க. ஏரி பொதுவா இருந்தா மட்டும் போதாது. முறையும் பொதுவா இருக்கணும்.

பொது நாணயமும் இதேதான். முறை இல்லாம ஏரியை மட்டும் பொதுவாக்கினா என்ன ஆகும்னு பார்க்க, என்னை மாதிரியே பருத்தி போடுற ஒரு ஜனத்தோட கதையைச் சொல்றேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, புர்கினா ஃபாசோ, பெனின்னு நாடுகள் இருக்கு. மானாவாரிப் பருத்தி பூமி. சின்னச் சின்னக் குடும்பங்கள், கையாலதான் எடுப்பு. எங்க பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வச்ச மாதிரி. அவங்க புழங்குற நாணயத்துக்குப் பேரு சி.எஃப்.ஏ. ஃபிராங்க். 1945 டிசம்பர் 26 அன்னைக்கு பிரான்ஸ் உருவாக்கினது. அந்த மூணு எழுத்தோட அப்போதைய விரிவு 'ஆப்பிரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் காலனிகள்'. சுதந்திரம் வந்து விரிவு மாறிச்சு, எழுத்து மாறலை. இன்னைக்கும் மேற்கில் எட்டு நாடு, மத்தியில் ஆறு நாடு, மொத்தம் 14 நாடுகள் இந்தப் பேருள்ள நாணயத்தைத்தான் புழங்குறாங்க. நோட்டு அச்சாகிறது பிரான்ஸில். ரொம்ப வருஷம் அவங்களோட அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதிக்கு மேல பிரெஞ்சு அரசுக் கருவூலத்தில் போட்டு வைக்கணும்னு விதியே இருந்துச்சு.

1948-லிருந்து 1994 வரைக்கும் இந்த நாணயம் பிரெஞ்சு ஃபிராங்கோட ஒரே விலையில் கட்டப்பட்டிருந்துச்சு. 50 சி.எஃப்.ஏ. கொடுத்தா ஒரு பிரெஞ்சு ஃபிராங்க். 46 வருஷம். எண்பதுகளில் பருத்தி, கோகோ, காபி எல்லாம் உலகச் சந்தையில் விழுந்துச்சு. அக்கம்பக்கத்தில் சொந்த நாணயம் வச்சிருந்த நாடுகள் மதிப்பைக் குறைச்சு எப்படியோ சமாளிச்சாங்க. இவங்களால முடியலை. பாரிஸில் ஃபிராங்கை வலுவா வச்சிருக்கணும்னு முடிவெடுத்தாங்க. அது ஜெர்மனியோட மார்க்குக்குச் சமமா நிக்கணுங்கிறதுக்காக எடுத்த முடிவு. மாலியில் பருத்தி எடுக்கிறவனுக்கு ஜெர்மன் மார்க்கோட என்ன சம்பந்தம்? ஆனா அவன் நாணயம் அந்தக் கயித்தில்தான் கட்டியிருந்துச்சு. கன்னுக்குட்டியை வண்டிக்குப் பின்னால கட்டினா, வண்டி போற வேகத்துக்கு அது ஓடித்தான் ஆகணும்.

கடைசியில் 1994 ஜனவரி 11, செனகலின் தலைநகர் டாக்கரில் அறிவிப்பு வந்துச்சு. இனிமே 100 சி.எஃப்.ஏ. கொடுத்தாத்தான் ஒரு ஃபிராங்க். ஒரே ராத்திரியில் மதிப்பு பாதி. பத்து வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமா நடந்திருக்க வேண்டியது ஒரே ராத்திரியில் நடந்துச்சு. பருத்திக்காரனுக்கு அதில் மூச்சு வந்துச்சு, பருத்திப் பரப்பு கூடிச்சு. ஆனா டாக்கரில் இறக்குமதி அரிசி சாப்பிட்டு வாழ்ற கூலிக்காரன் மேல இடி விழுந்துச்சு. வெளியிலிருந்து வர்ற மருந்து, மாவு எல்லாத்துக்கும் விலை எகிறிச்சு.

கதை அதோட முடியலை. 1999-இல் பிரான்ஸ் யூரோவுக்குப் போச்சு. கயிறும் கூடவே போச்சு: ஒரு யூரோவுக்கு 655.957 சி.எஃப்.ஏ. யூரோவில் யார் யார் சேரலாங்கிற பேச்சுவார்த்தையில் மாலிக்கும் பெனினுக்கும் நாற்காலி கிடையாது. ஆனா யூரோ ஏறினா அவங்களும் ஏறணும்.

யூரோ ஏறிச்சு. 2000-ஆம் வருஷம் கடைசி வாக்கில் ஒரு யூரோ 85 அமெரிக்க சென்ட் அளவில் கெடந்துச்சு. 2008 நடுவில் 1 டாலர் 58 சென்ட் வரைக்கும் போச்சு. பருத்தி விலை பேசுறது டாலரில். கணக்கைப் போட்டுப் பாருங்க. 2000-இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 770 சி.எஃப்.ஏ. கிடைக்கும். 2008-இல் 415. டாலர் விலை ஏறி இறங்குறதை ஒதுக்கி வச்சுட்டு, ஒரு கிலோ பஞ்சு ரெண்டு காலத்திலும் அதே ஒன்றரை டாலர்னு வச்சுக்கிட்டா, முன்னே 1,157 சி.எஃப்.ஏ. கிடைச்ச இடத்தில் பின்னே 623. நூத்துக்கு 46 பங்கு போச்சு! அவன் காட்டில் புழு விழலை, மழை பொய்க்கலை, அவன் அரசாங்கம் தப்புப் பண்ணலை. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிற மத்திய வங்கி ஐரோப்பாவுக்கு எது சரின்னு பார்த்துச்சு. அது தன் வேலையைச் செஞ்சுச்சு. மாலியைப் பார்க்கிறது அதோட வேலை இல்லை.

உரம் டாலரில் வாங்குறது மலிவா ஆகியிருக்குமேன்னு கேட்கலாம். ஆகியிருக்கும். ஆனா களை எடுக்கிற கூலி, மாட்டுத் தீவனம், புள்ளைங்க பள்ளிக்கூடச் செலவு எல்லாம் சி.எஃப்.ஏ.வில். அது குறையலை. அதுக்கு மேல, அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு மானியத்தைக் கொட்டி உலக விலையை அமுக்குதுன்னு பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நாலும் சேர்ந்து 2003-இல் உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டாங்க. அந்த அடியாவது வெளியாள் கொடுத்தது. நாணயத்தோட அடி சொந்தப் பையிலிருந்தே வந்துச்சு.

இப்போ நீங்க சொல்லலாம், அது காலனி விவகாரம், அடிமைப்பட்டவன் கதை, நாங்க பேசுறது சமமான நாடுகள் விரும்பிச் சேர்றதைப் பத்தின்னு. சரி, அப்போ கிரேக்கத்துக்கு வாங்க. அங்கேயும் பருத்தி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பருத்தி அதிகம் விளையுறதே கிரேக்கத்தில்தான். தெசலி சமவெளி பூரா பருத்திக் காடு.

கிரேக்கம் விரும்பித்தான் 2001-இல் யூரோவில் சேர்ந்துச்சு. அதுக்கு முந்தி அவங்களுக்கு டிராக்மா இருந்துச்சு. நிலைமை முத்தினப்போ அதோட மதிப்பைக் குறைச்சுக்குவாங்க. 1983, 1985, 1998-னு செஞ்சிருக்காங்க. பெருமையான காரியம் இல்லை, ஆனா அது ஒரு மதகு. யூரோவில் சேர்ந்ததும் அந்த மதகைச் சுவர் வச்சு அடைச்சாச்சு. அதுக்குப் பதிலா மலிவான கடன் வந்துச்சு. ஜெர்மனிக்குக் கிடைக்கிற வட்டிக்குக் கிட்டத்தட்ட அதே வட்டியில் கிரேக்கத்துக்கும் கடன் கொடுத்தாங்க. ஊரில் ஒரு பெரிய பண்ணைக்காரரோட கூட்டுப் பட்டாவில் பேரு சேர்ந்தா சின்ன விவசாயிக்கும் கடன் தாராளமாக் கிடைக்கும் இல்லையா, அந்த மாதிரி. வாங்கினாங்க, செலவு பண்ணினாங்க. கணக்கையும் மறைச்சாங்க, அதை நான் மூடி மறைக்க மாட்டேன். 2009-இல் புது அரசாங்கம் வந்து கணக்கைத் திறந்தப்போ பற்றாக்குறை பயங்கரமா இருந்துச்சு. 3 சதவீதத்துக்குள்ள இருக்கணுங்கிறது விதி. திருத்தித் திருத்திப் பார்த்ததில் 15 சதவீதத்தைத் தாண்டிருச்சு.

சொந்த நாணயம் இருந்திருந்தா டிராக்மா சரிஞ்சிருக்கும். கிரேக்கத்து ஆலிவ் எண்ணெய், பருத்தி, சுற்றுலா எல்லாம் வெளியாளுக்கு மலிவாகி வரவு கூடியிருக்கும். வலி இருந்திருக்கும், ஆனா எல்லார் மேலேயும் பரவியிருக்கும். அது இல்லாததால் ஒரே வழிதான் மிச்சம்: கூலியைக் குறை, ஓய்வூதியத்தைக் குறை. 2012-இல் குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் போட்டு 22 சதவீதம் வெட்டினாங்க. 25 வயசுக்குக் கீழே இருந்தா 32 சதவீதம். கூலி குறைஞ்சுச்சுன்னு வாங்கின கடன் தானாக் குறையலை. விளைச்சல் விலை பாதியாகி, சொசைட்டிக் கடன் மட்டும் அப்படியே நிக்கிற நிலைமை நமக்குத் தெரியாததா? நாட்டோட மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால்வாசி கரைஞ்சு போச்சு. 2013-இல் வேலை தேடினவங்களில் நூத்துக்கு 27 பேருக்கு வேலை இல்லை. இளவட்டங்களில் பாதிப் பேருக்கு மேல.

2015 ஜூன் கடைசியில் வங்கிகளையே மூடிட்டாங்க. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். நம்ம 2016 நவம்பர் வரிசையை நினைச்சுக்கங்க. ஜூலை 5 அன்னைக்கு, கடன் கொடுத்தவங்களோட நிபந்தனைகளை ஏத்துக்கலாமான்னு ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டாங்க. 61 சதவீதம் பேர் வேண்டாம்னு போட்டாங்க. எட்டே நாளில் அரசாங்கம் அந்த நிபந்தனைகளை ஏத்துக்கிச்சு. சாவி வேற ஊரில் இருந்தா ஓட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை. அடுத்த வருஷம் ஓய்வூதிய, வரி மாற்றங்களை எதிர்த்து அந்த ஊர் விவசாயிகள் டிராக்டரைக் கொண்டு வந்து நெடுஞ்சாலையை மறிச்சாங்க.

அதே சமயம் ஜெர்மனி என்ன ஆச்சு? அவங்களுக்குத் தனியா மார்க் இருந்திருந்தா, அத்தனை கார், அத்தனை இயந்திரம் ஏற்றுமதி செஞ்சதுக்கு மார்க் மதிப்பு எகிறியிருக்கும். அவங்க கார் உலகத்துக்கு விலை கூடியிருக்கும். நோஞ்சான் நாடுகளும் சேர்ந்த யூரோவா இருந்ததால் மதிப்பு அவ்வளவு ஏறலை. 2015, 2016 வாக்கில் ஜெர்மனியோட வெளிவர்த்தக உபரி நாட்டு உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்குப் போச்சு. நான் ஜெர்மன்காரன் உழைப்பைக் குறை சொல்லலை. மேல்மடைக்காரருக்கு ஏரி எப்பவும் வசதிதான்னு சொல்றேன். ஒரே மதகிலிருந்து வந்த தண்ணி ஒருத்தர் வயலை விளைய வச்சுச்சு, இன்னொருத்தர் வயலை அழுக வச்சுச்சு. கீழ்மடைக்காரருக்கு ஊர்ப்பொதுவிலிருந்து கொடுக்கிற வழக்கம் அங்கே எழுதப்படலை. ஒரு நாட்டுக் கடனை இன்னொரு நாடு ஏத்துக்கக் கூடாதுன்னுதான் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்துச்சு. கொடுத்ததும் கடனாத்தான் கொடுத்தாங்க.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். இல்லைன்னா மருமகன் நாளைக்கே போன் பண்ணிடுவான்.

சொந்த நாணயம் வச்சிருந்தா எல்லாம் சரியாயிடும்னு கிடையாது. கானாவுக்குச் சொந்த நாணயம் உண்டு. 2022 கடைசியில் அங்கே விலைவாசி ஏற்றம் 50 சதவீதத்தைத் தாண்டிச்சு. பக்கத்தில் சி.எஃப்.ஏ. நாடுகளில் அந்த அளவு ஆட்டம் இல்லை. மாலியே 1962-இல் வெளியே போய்த் தனி நாணயம் அடிச்சுச்சு. நடத்த முடியாம 1984-இல் திரும்பி வந்துச்சு. இலங்கையும் சொந்த ரூபாய்தான். டாலரை 200 ரூபாய் சுத்தி வலுக்கட்டாயமாப் பிடிச்சு வச்சிருந்து, 2022 மார்ச்சில் கை நழுவ விட்டாங்க. ரெண்டு மாசத்தில் 350-ஐத் தாண்டிருச்சு. ஜனங்க பட்ட பாட்டை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். எஸ்டோனியா, லாட்வியா மாதிரிச் சின்ன நாடுகள் யூரோவை விரும்பித்தான் ஏத்துக்கிட்டாங்க, இன்னமும் அதில்தான் இருக்காங்க.

ஆனா இதெல்லாம் எதைக் காட்டுது? சாவி கையில் இருந்தும் நீர்க்கட்டி குடிச்சுட்டுத் தூங்கினா வயல் கெடும்னு காட்டுது. அதுக்கு மருந்து நீர்க்கட்டியை மாத்துறது. சாவியைக் கொண்டுபோய் அடுத்த ஊர்க்காரன்கிட்டக் கொடுக்கிறது மருந்து இல்லை. ஸ்வீடன் ஜனங்க 2003-இல் ஓட்டுப் போட்டு யூரோ வேண்டாம்னுட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரனோட வியாபாரம் நின்னு போகலை. சாவி மட்டும் வீட்டிலேயே இருக்கு.

இன்னொரு விஷயம். சாவியை வச்சிருக்கிற ஊரா ஒரு காலத்தில் நாமளே இருந்திருக்கோம். குவைத், பஹ்ரைன், கத்தார், இன்னைக்கு துபாய், அபுதாபின்னு சொல்ற பகுதிகள் எல்லாம் நம்ம ரூபாயைத்தான் புழங்கினாங்க. 1959-இல் அவங்களுக்குன்னு தனியா வளைகுடா ரூபாய்னு நம்ம ரிசர்வ் வங்கியே நோட்டு வெளியிட்டுச்சு. குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த நாணயத்துக்குப் போயிட்டாங்க. 1966 ஜூன் 6 அன்னைக்கு நம்ம அரசாங்கம் நமக்கு இருந்த நெருக்கடிக்காக மதிப்பைக் குறைச்சுச்சு: டாலருக்கு 4.76 ரூபாய் இருந்தது 7.50 ஆச்சு. நமக்கு மழை இல்லை, யுத்தம் வேற நடந்து முடிஞ்சிருந்துச்சு. ஆனா கத்தாரில் முத்து வித்துச் சேர்த்து வச்சவனுக்கு அதில் என்ன பங்கு? அவன் பெட்டியில் இருந்த பணம் மூணில் ஒரு பங்குக்கு மேல ராத்திரியோடு ராத்திரியாக் காணாம போச்சு. அவனை யாரும் கேட்கலை. மிச்சம் இருந்தவங்களும் ஒவ்வொருத்தரா நம்ம ரூபாயைக் கைவிட்டுட்டாங்க. அவங்க இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்போம்.

மருமகன் ஒண்ணு மட்டும் சரியாக் கேட்பான்: "அப்போ இந்தியாவே ஒரு பொது நாணயம்தானே மாமா?" ஆமா. 28 மாநிலம், ஒரே ரூபாய். திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு ரூபாய் இறங்கினா நல்லது. பனியன் டாலரில் விக்குது. எல்லாத்தையும் வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடுற ஊருக்கு அது கெடுதல். பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே வட்டி, ஒரே மாற்று விகிதம். அப்புறம் ஏன் பீகார் கிரேக்கம் ஆகலை?

ஏன்னா இங்கே கல்லாவும் பொது. பீகார் இளைஞன் ரயிலேறித் திருப்பூருக்கு வர்றான். எங்க ஊர்ப்பக்கம் கட்டட வேலைக்குக்கூட வந்திருக்கான். எந்த விசாவும் வேண்டாம். நிதிக்குழுன்னு ஒண்ணு அரசியல் சட்டத்திலேயே இருக்கு. ஒன்றிய அரசு வசூலிக்கிற வரியில் மாநிலங்களுக்குப் பங்கு போடுது, அது கடன் இல்லை. 15-வது நிதிக்குழு அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் கொடுத்துச்சு, பீகாருக்கு 10.058. நூறு நாள் வேலைன்னு எங்க ஊரிலேயும் பீகார் ஊரிலேயும் ஒரே திட்டம் நடந்துச்சு. ஐரோப்பாவில் ஏரி மட்டும் பொது, இங்கே முறையும் பொது.

இதைச் சொன்னா நகரத்து நண்பர்கள் சில பேருக்குக் கோபம் வரும். "எங்க வரிப்பணம் எதுக்கு வடக்கே போகணும்?" பங்கு நியாயமாப் போடலைங்கிற சண்டையில் நானும் உங்க கட்சிதான். நல்லா நடத்தினவனுக்குத் தண்டனை மாதிரி முறை இருக்கக் கூடாது. ஆனா அது முறைத் தண்ணி எத்தனை நாழிகைங்கிற சண்டை. பங்கே கொடுக்கக் கூடாதுங்கிறது கரையை வெட்டுற சண்டை. ரூபாய் ஒண்ணா இருக்கணும், கல்லா மட்டும் தனித்தனியா இருக்கணும்னா, அது கிரேக்கத்தோட கதைதான். அதோட, இங்கே எங்க ஊர்க்காரன் அந்தச் சண்டையை ஓட்டுப் போட்டுப் போட முடியுது. மாலிக்காரனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓட்டுப் போட முடியாது.

ஆக, பக்கத்து நாடுகளோட பொது நாணயம்னு பேசுறவங்களுக்கு என் கேள்வி இதுதான். கொழும்பில் பஞ்சம் வந்தா நம்ம வரிப்பணத்தைக் கடனா இல்லாம பங்காக் கொடுக்கத் தயாரா? டாக்காவிலிருந்து வேலை தேடி வர்றவனுக்குக் கதவைத் திறந்து வைப்பீங்களா? பீகாருக்குக் கொடுக்கவே மனசு இல்லாதவங்க இதுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? பதில் இல்லைன்னா பொது நாணயத்தைப் பத்திப் பேசாதீங்க. பிரிக்ஸ் நாணயம்னு பேசுறவங்களுக்கும் இதே கேள்விதான். அதில் மேல்மடை யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. சீனாவோட வியாபாரக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. டாலருக்கு ரூபாய் ஒரு பைசா இறங்கினாலும் நாட்டு மானம் போச்சுன்னு செல்போனில் படம் போட்டுச் சிரிக்கிறவங்க. ஆளுங்கட்சி மாறினா சிரிக்கிற ஆள் மாறுவாங்க, சிரிப்பு மாறாது. மானத்தை அளக்கிற கருவி இல்லைங்க நாணயம். வலுவான நாணயத்தைப் பெருமையா 46 வருஷம் பிடிச்சு வச்சதில் டாக்கர் பணக்காரன் பிரெஞ்சுச் சாமானை மலிவா வாங்கினான், அங்கே கடை போட்ட பிரெஞ்சுக் கம்பெனிக்காரன் லாபத்தை நஷ்டமில்லாம ஊருக்கு அனுப்பினான். பருத்தி எடுத்தவனுக்கு என்ன கிடைச்சுச்சு? ரூபாய் ஏறினா யாருக்கு லாபம், இறங்கினா யாருக்கு நஷ்டம், நஷ்டப்பட்டவனுக்கு என்ன செய்யப் போறோம். கேட்க வேண்டிய கேள்வி இது மூணுதான். ரூபாய் இறங்கி உரம் ஏறுறப்போ மானியத்தையும் சேர்த்து ஏத்தணும். ரூபாய் ஏறிப் பஞ்சு இறங்குறப்போ ஆதார விலைக்கு அரசாங்கம் எறங்கி வாங்கணும். அதைக் கேட்டு நீங்க ஒரு பதிவு போட்டா, அது உங்க சட்டையில் இருக்கிற பருத்திக்குச் செய்ற மரியாதை.

மருமகனுக்கு இதைப் படிக்க அனுப்பப் போறேன். அவன் கம்பெனிக்கு வரவு டாலரில்தான். ரூபாய் இறங்கினா அவன் கம்பெனிக்கும் நல்லது. அவன் சொல்ற மாதிரி ஒரு பொது நாணயம் வந்து அது யாரோ ஒருத்தருக்காக எகிறிச்சுன்னா, முதல்ல வேலை போறது அவன் வரிசையில்தான். அந்த வகையில் நானும் அவனும் ஒரே மடைதான். அது அவனுக்கு இன்னும் தெரியலை, அவ்வளவுதான்.

பருத்தியைக் கடைசியில் போன வாரம் போட்டேன். எதிர்பார்த்த விலை இல்லை, ரொம்ப மோசமும் இல்லை. ஆடியில் மறுபடியும் பருத்திதானா, இல்லை மக்காச்சோளத்துக்குப் போயிடலாமான்னு வீட்டில் பேச்சு ஓடுது. அந்த முடிவாவது இன்னும் எங்க கையில் இருக்கு.